பொதுத் தோட்டமும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய நபி பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வாசற்படிக்கு உள்ளே இருப்பதை நம்முடையது என்கிறோம். அதைக் கூட்டுகிறோம், துடைக்கிறோம், விருந்தாளி வருமுன் பாயை உதறி விரிக்கிறோம். வாசற்படிக்கு வெளியே, தெருவுக்கு இப்பால், பல குடும்பங்கள் சேர்ந்து புழங்கும் துண்டு நிலம் ஒன்று இருக்கிறதே, அது யாருடையது? கேட்டால், பொது என்று பதில் வரும். பொது என்றால் எல்லோருக்கும் உரியது என்பதுதான் பொருள். ஆனால் நாமோ, யாருக்கும் உரியதல்ல என்று அதற்குப் பொருள் செய்துகொண்டிருக்கிறோம். இந்தத் தவறான பொருளைப் பற்றித்தான் இம்மாதம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

லண்டனில் நாம் கண்டது

நம் மகளும் மருமகனும் கிழக்கு லண்டனில் வசிக்கிறார்கள். பேரக்குழந்தை பிறந்த செய்தி கேட்டு, ஓர் இலையுதிர் காலத்தில் அங்கே சென்று சில வாரங்கள் தங்கியிருந்தோம். அவர்கள் இருப்பது வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் குடியிருப்பு. மூன்று மாடிக் கட்டிடம். சுற்றிலும் புல்வெளி, இடுப்பளவு வேலிச்செடி, இரண்டு மரங்கள், ஒரு மர பெஞ்சு, ஓரத்தில் குப்பைத் தொட்டிகள் வைக்கும் அறை. வங்காளதேசத்தார், சோமாலியர், ஆங்கிலேயர், நம்மவர் எனப் பலரும் அங்கே அண்டை வீட்டார்.

இடம் நல்ல இடந்தான். ஆனால் கவனிப்பார் இல்லை. வேலிச்செடி வளர்ந்து நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. புல் வெட்ட வந்தவர்கள் வெட்டிய புல்லை அள்ளாமல் போயிருந்தார்கள். உதிர்ந்த இலைகள் மழையில் ஊறி வழியெல்லாம் வழுக்கின. புதருக்குப் பின்னால் பழைய மெத்தை ஒன்று கிடந்தது.

“இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லையா?” என்று மகளிடம் கேட்டோம்.

“அதற்குத்தான் வருடா வருடம் பணம் கட்டுகிறோமே, வாப்பா! சங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்” என்றாள்.

மருமகனுக்கோ கோபம். “பில்லைப் பாருங்கள், மாமா! தோட்டப் பராமரிப்பு என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். தோட்டம் இருக்கிற இலட்சணத்தையும் பாருங்கள்” என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்த வாரமே நம் கணக்கிலும் ஒன்று ஏறியது.

பேரனுக்கு அகீகா கொடுத்தோம். விருந்துக்கு வந்தவர்களின் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. யாரோ ஒருவர் புல்வெளியில் ஏற்றினார். அவரைப் பார்த்து இன்னும் மூவர் ஏற்றினர். முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. ஜன்னல் வழியே நாமும் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. விருந்து முடிந்து எல்லோரும் போன பின் பார்த்தால், புல்வெளி உழுத வயலாகக் கிடந்தது.

மறுநாள் காலை, தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் ஆங்கில மூதாட்டி ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், கையில் சிறிய மண்கொத்தியுடன் அந்தச் சேற்றில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். மருமகன் போய் விசாரித்தார். டாஃபடில் என்னும் மஞ்சள் பூவின் கிழங்குகளை அந்த அம்மையார் போன மாதம் தம் கைக்காசில் வாங்கி, சங்கத்தாரின் அனுமதியும் பெற்று, அங்கே ஊன்றியிருக்கிறார். பார்வைக்கு வெங்காயம் போன்ற கிழங்கு அது. இலையுதிர் காலத்தில் ஊன்றினால் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் பூக்கும். மேலே ஓர் அடையாளமும் தெரியாது. அதன் மீதுதான் நம் விருந்தாளிகளின் சக்கரங்கள் ஏறியிருந்தன.

அவர் நம்மைத் திட்டவில்லை. நசுங்கியவற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்று இரவு மருமகனிடம் சொன்னோம்: “தம்பி, சங்கத்தார் செய்யாததற்குக் கடிதம் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் நாம் செய்ததற்கு முதலில் அந்த அம்மாவின் வாசலுக்குப் போக வேண்டும்.”

இருவரும் போனோம். மன்னிப்புக் கேட்டோம். புதிய கிழங்குகள் வாங்கித் தந்து, எங்கே ஊன்ற வேண்டும் என்று அவரையே கேட்டு, மருமகனும் மாடியிலிருந்த சோமாலியப் பையன்கள் இருவரும் சேர்ந்து ஊன்றினார்கள். நாம் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கப்பலின் கீழ்த்தளம்

சகோதரர்களே! பல மாடிக் குடியிருப்பில் வாழும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய நபிமொழி ஒன்று புகாரியில் வருகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு கப்பலில் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொல்லை, நம் பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எல்லோரும் மூழ்குவார்கள்; கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டை போட்டவரின் நோக்கம் கெட்டதல்ல என்பது. தம் வசதியைத்தான் பார்த்தார். நம் விருந்தாளிகளும் அப்படித்தான். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. ஜன்னலில் நின்று பார்த்தும் வாய் திறவாத நாம், மேல்தளத்தில் சும்மா இருந்தவர்களைப் போல் ஆனோம்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதில், அவருக்குச் சொத்தில் வாரிசுரிமையே தந்துவிடுவார்களோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஆனதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் ஜும்ஆதோறும் கேட்கிறோம். வாரிசுரிமை வரவில்லைதான். ஆனால் குடியிருப்புத் தோட்டத்தில் அண்டை வீட்டார் ஏற்கனவே நம்மோடு பங்காளி ஆகிவிட்டார். அந்த மூதாட்டியின் பங்கு அதில் இருந்தது. நாம் அதன் மீது காரை ஏற்றினோம்.

சங்கங்கள் எப்படி வந்தன?

இங்கிலாந்தின் வீட்டுவசதிச் சங்கங்களைப் பற்றி நம் குடும்பங்கள் பலவும் அறிந்துகொள்வது நல்லது. பிள்ளைகள் பலர் அங்கே குடியேறியிருக்கிறார்கள். இலாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல், வருமானம் குறைந்தோருக்கு வீடு தருவதற்கென்று ஏற்பட்டவை இச்சங்கங்கள். அமெரிக்க வணிகரான ஜார்ஜ் பீபாடி 1862 இல் லண்டன் ஏழைகளுக்காகப் பெருந்தொகையை ஒதுக்கினார். அதிலிருந்து எழுந்த சங்கம் இன்றும் நடக்கிறது. நம் வழக்கில் வக்பு என்று சொல்வதை ஒத்த ஏற்பாடு அது.

1865 இல் ஆக்டேவியா ஹில் என்ற அம்மையார், அறிஞர் ஜான் ரஸ்கினின் பண உதவியோடு லண்டன் மேரிலிபோனில் மூன்று சிறு வீடுகளை ஏற்று ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டு நிர்வகித்தார். கூரையும் சுவரும் மட்டும் போதாது. ஏழைக்கும் மூச்சுவிட வெளியும் பார்க்கப் பசுமையும் வேண்டும் என்பது அவர் கொள்கை. சதக் பகுதியில், காகிதத் தொழிற்சாலை இருந்து பாழ்பட்டுக் கிடந்த இடத்தை 1887 இல் தோட்டமாக்கினார். ரெட் கிராஸ் தோட்டம் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது.

ஆக, வீட்டோடு தோட்டமும் சேர்ந்தே இச்சங்கங்களின் நோக்கமாக இருந்திருக்கிறது. இன்று அந்தத் தோட்டச் செலவு குடியிருப்போர் மீது கட்டணமாகப் பிரிக்கப்படுகிறது. வாடகைக்காரர் வாடகையோடு செலுத்துகிறார். நெடுங்குத்தகைக்கு வாங்கியவர் தனியாகச் செலுத்துகிறார். அந்தப் பணத்தில் பெரும்பாலும் ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தி வேலை வாங்குகிறார்கள். ஆகவே அது யாரோ போட்ட தர்மமல்ல. துப்புரவுத் தொழிலாளியும், ஓய்வூதியத்தில் வாழும் கிழவியும், கைக்குழந்தையுடன் இருக்கும் விதவையும் சேர்ந்து போட்ட காசு. அதை வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாக விட்டால், அது அமானிதத்தில் மோசம்.

கேட்பதும் கடமைதான்

பொறுமையாக இருப்பதுதான் தீன், நாம் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் எண்ணுவதுண்டு. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தைப் பாருங்கள். பொதுக் கால்நடைகளுக்கென்று மேய்ச்சல் நிலம் ஒதுக்கி, அதற்கு ஹுனைய் என்ற தம் பணியாளரைப் பொறுப்பாக்கினார்கள். கொஞ்சம் ஆடும் ஒட்டகமும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு; இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தள்ளி வை; அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள் என்ற கருத்தில் அவருக்குக் கட்டளையிட்டார்கள். செல்வர் மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் உண்டு. ஏழை மந்தை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு என் வாசலுக்கு வருவாரே என்பது கலீபாவின் கவலை. மேற்சொன்ன இருவரும் பெரும் ஸஹாபிகள் என்பதை மறக்க வேண்டாம். பொதுப் புல்வெளியில் யாருக்கு முதல் உரிமை என்பதைக் கலீபாவே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். புல் சின்ன விஷயமல்ல.

திருமறையின் அல்கலம் அத்தியாயம் தோட்டக்காரர் சிலரின் வரலாற்றைச் சொல்கிறது. ஏழை எவரும் உள்ளே வந்துவிடாதபடி விடியற்காலையிலேயே கனி பறித்துவிடுவோம் என்று சத்தியம் செய்து உறங்கினார்கள். இரவோடு இரவாகத் தோட்டம் அழிந்தது. இந்தக் காலத்திலும் அந்த எண்ணம் வராமல் இல்லை. லண்டனில் ஒரு புதிய குடியிருப்பில், வீட்டை விலைக்கு வாங்கியவர்களின் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குள் வாடகை வீட்டுப் பிள்ளைகள் நுழையாதபடி தடுத்திருந்தது 2019 இல் வெளிச்சத்துக்கு வந்தது. பலரும் கண்டித்த பிறகே வழி திறந்தது. கேட்டதனால் திறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கேட்பதற்கு அந்நாட்டுச் சட்டமும் இடம் தருகிறது. செலவுக்கேற்பக் கூடிக் குறையும் பராமரிப்புக் கட்டணமாயின், செலவு நியாயமானதாகவும் வேலை நியாயமான தரத்திலும் இருக்க வேண்டும் என்று 1985 ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. கணக்குச் சுருக்கம் கேட்கலாம். பில்களையும் ரசீதுகளையும் பார்வையிடலாம். சங்கத்திடம் புகார் செய்தால், அதை ஏற்றுக்கொண்டதிலிருந்து முதற்படியில் 10 வேலை நாட்களிலும், இரண்டாம் படியில் 20 வேலை நாட்களிலும் பதில் தரவேண்டும். அதன் பின்னும் தீராவிட்டால் வீட்டுவசதிக் குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம். பொது இடங்கள் சுத்தமாகவும் ஒழுங்காகவும் இருக்கின்றனவா என்று குடியிருப்போரிடம் கேட்டு முடிவை வெளியிடவேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. அந்தக் கேள்வித்தாள் வந்தால் நம்மவர் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கேட்கும்போது பேசாமலிருந்து, பிறகு அடுக்களையில் இருந்து முணுமுணுப்பதில் பயனில்லை.

எப்படிக் கேட்பது? மருமகனுக்கு நாம் சொன்ன யோசனை இதுதான். குடியிருப்போர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் சங்க அலுவலரை அழைத்துத் தோட்டத்தைச் சுற்றி நடங்கள். குறைகளைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு எத்தனை முறை புல் வெட்டச் சொல்லியிருக்கிறது, வெட்டியதை அள்ளவேண்டுமா, இலை கூட்டுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஒப்பந்தத்திலேயே இல்லாத வேலையைச் செய்யவில்லை என்று கூலிக்காரரை ஏசுவது அநியாயம். குளிரில் நின்று புல் வெட்டுகிறவர் கான்ட்ராக்டரின் கூலியாள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். அவருக்கு ஒரு கோப்பைத் தேநீரும் நல்ல சொல்லும் கொடுத்துவிட்டு, கேள்வியை அலுவலகத்தில் கேளுங்கள்.

நம் பங்கு என்ன?

ஈமானுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றில் கடைசிக் கிளை வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்பது நாம் மத்ரஸாவில் படித்த பாடம். வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரை அல்லாஹ் மன்னித்தான் என்றும் ஹதீது உண்டு. அந்த முள்ளை அவர் போட்டாரா, அதை எடுக்க வேறு யாருக்காவது சம்பளம் உண்டா என்ற பேச்சே அதில் இல்லை. கண்டார், எடுத்தார், மன்னிக்கப்பட்டார்.

கட்டணம் செலுத்திவிட்டதால் இந்தக் கிளை நம்மை விட்டு நீங்கிவிடுமா? நீங்காது. ஈர இலையில் கிழவி ஒருத்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கான்ட்ராக்டர் வியாழக்கிழமைதான் வருவார் என்பது மறுமையில் பதிலாகுமா? ஒரு துடைப்பமும் பத்து நிமிடமும் போதுமே!

பள்ளிவாசலைக் கூட்டிவந்த பெண்மணி ஒருவர் மதீனாவில் இருந்தார். அவர் இறந்ததை ஸஹாபாக்கள் பெரிதாக எண்ணாமல் அடக்கிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் காணோமே என்று விசாரித்து, ஏன் தமக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவரது கபுருக்குச் சென்று தொழுதார்கள். கூட்டுகிறவரைக் காணோமே என்று தேடிய கண்கள் அவை. நம் கண்களுக்குக் கூட்டாத குப்பை மட்டுமே தெரிகிறது.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற 300 பேரீச்சங் கன்றுகளை நட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தோழர்கள் ஆளுக்குச் சில கன்றுகள் கொண்டு வந்தார்கள்; குழி தோண்ட உதவினார்கள்; நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே நட்டார்கள். பலர் கை சேர்ந்தால் தோட்டம் எழும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே குடியிருப்பில் உள்ள நம் பிள்ளைகளுக்குச் சில சொல்லிவைப்போம். அனுமதியின்றி எதையும் நடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பிறர் பங்குள்ள நிலம் அது. அனுமதி பெற்று ஒரு சிறு பாத்தியை ஏற்றுக்கொள்ளுங்கள். புதினாவும் கொத்துமல்லியும் கோடையில் அங்கே நன்றாகவே வரும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கை எட்டும்படி உயர்ந்த பெட்டிப் பாத்தி வைக்கச் சொல்லுங்கள். வேலிச்செடியில் பறவைகள் கூடு கட்டும் வசந்த, கோடைக் காலங்களில் அதைக் கத்தரிக்க அவசரப்படுத்த வேண்டாம். குஞ்சு உள்ள கூட்டைக் கலைப்பது அந்நாட்டில் 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நம் தீனிலும் இரக்கமற்ற செயல். சமைத்த எண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். பழைய மெத்தையைப் புதருக்குப் பின் தள்ளாதீர்கள். பெருநாள், வலீமா, அகீகா எதுவானாலும், கார் எங்கே நிற்கும் என்பதை அழைப்பின்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் பெயரால் செய்யும் நன்மை, அண்டை வீட்டாருக்குத் தீமையாகிவிடக் கூடாது.

நம் ஊரிலும் இதே பாடம்

இது சீமைக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊர் அடுக்கு வீடுகளின் மொட்டை மாடியும் மாடிப்படியும், மஹல்லாவின் கபர்ஸ்தானும் இதே அமானிதந்தான். நம் தாய் தந்தையர் உறங்கும் இடத்தில் முள் மண்டிக் கிடந்தால், ஜமாஅத்தைக் குறை சொல்லிக்கொண்டே தாண்டிப் போகிறோம். ஜமாஅத்தைக் கேட்போம், கேட்கும்போது கையில் ஓர் அரிவாளும் இருக்கட்டும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகா ஆகும் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. உண்பவர் நம்மவரா என்ற நிபந்தனை அதில் இல்லை.

நாம் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, மார்ச்சில் மகள் தொலைபேசியில் பேசினாள். பூ பூத்துவிட்டதாம். முதற்பூவைக் காட்டுவதற்கு அந்த மூதாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு போனாராம். சங்கத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் வந்ததாம். மெத்தையை எடுத்துவிட்டார்கள், வேலிச்செடி பற்றி இன்னும் பேச்சு நடக்கிறதாம். நாம் கேட்டது ஒன்றுதான்: “இலை கூட்டுகிறீர்களா?”

“மருமகன்தான் கூட்டுகிறார், வாப்பா” என்றாள். அல்ஹம்துலில்லாஹ்!

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ விட்டிருக்கும் சிறிய பெரிய அமானிதங்கள் அனைத்தையும் பேணிக் காக்க அருள்வாயாக! எங்கள் அண்டை வீட்டார் எங்கள் தீங்கிலிருந்து அச்சமற்று வாழச் செய்வாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் மிதித்தவற்றை மன்னித்து, வாடாத சுவனத் தோட்டத்தில் எங்களை ஒன்றுசேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.